தாழ்ப்பாள் இல்லாத கதவும் நம் பெண்பிள்ளைகளின் படிப்பும்



"இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று இந்தப் பக்கத்தை மூட நினைக்கும் அப்பாக்களே, கொஞ்சம் நில்லுங்கள். இது முதலில் உங்களுக்காகத்தான் எழுதப்படுகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது பட்டணத்தில் அடுக்குமாடி வீடு, தொழிற்சாலையில் துப்புரவு வேலை. கையில் பள்ளிக்கூடம் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம். மகள் படிவம் இரண்டு படிக்கிறாள், அடிக்கடி மட்டம் போடுகிறாள் என்று புகார். "ஸ்கூல விட்டுத் தூக்கிடுவாங்களா மேடம்?" என்று கேட்டார். பக்கத்தில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வக்கீலுக்குத் தேதிகளைப் பார்ப்பதுதான் முதல் வேலை. கடிதத்தில் வராத நாட்கள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. இரண்டு நாள். நான்கு வாரம் கழித்து மூன்று நாள். மறுபடி நான்கு வாரம் கழித்து இரண்டு நாள். அதற்கடுத்து ஐந்து வாரம் கழித்து மூன்று நாள். இதைத் தட்டெழுதிய கிராணிக்குத் தெரியவில்லை, கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியவில்லை, கட்டொழுங்கு ஆசிரியருக்கும் தெரியவில்லை. ஒரு பெண்ணின் மாதவிடாய்க் கணக்கைத்தான் அவர்கள் குற்றப்பட்டியல் போல அச்சடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்!

அவளிடம் தனியாகப் பேசினேன். பள்ளியில் பெண்கள் கழிப்பறையில் பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓய்வு நேரம் முடிந்தால் குழாயில் தண்ணீர் வருவதில்லை. குப்பைத்தொட்டி கிடையாது. ஒருநாள் பயன்படுத்திய பேட்டை நாளிதழில் சுற்றிப் புத்தகப் பையிலேயே வைத்திருந்தாள். அதை ஒரு பையன் வெளியே இழுத்துப் போட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அந்த நாட்களில் அவள் பள்ளிக்குப் போவதில்லை. அம்மாவிடம் வயிற்றுவலி என்று சொல்வாள், அம்மாவும் அதற்கு மேல் கேட்டதில்லை.

இதில் யார் மட்டம் போட்டது? அந்தப் பிள்ளையா, பள்ளிக்கூடமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு இரண்டு நாள். பள்ளி நடக்கும் மாதங்களை மட்டும் எடுத்தாலும் ஆண்டுக்கு 20 நாள், அதாவது நான்கு பள்ளி வாரம். படிவம் ஒன்றிலிருந்து ஐந்து வரை 100 நாள். நூறு நாள் என்றால் ஏறக்குறைய அரை வருடப் படிப்பு! அரை வருடம் பாடம் கேட்காத பிள்ளை எஸ்பிஎம்மில் கணிதத்திலும் அறிவியலிலும் விழுந்தால் "நம்ம புள்ளைங்களுக்கு மண்டையில ஏறாது" என்று நாமே சொல்கிறோம். டியூஷனுக்குக் காசு இல்லையே என்று அழுகிறோம். காசில்லாமலே கிடைத்த நூறு நாள் எங்கே போனது என்று எவரும் கேட்பதில்லை.

2007 நவம்பர் 25 உங்களுக்கு நினைவிருக்கும். கோலாலம்பூரில் கண்ணீர்ப்புகைக்கும் தண்ணீர்ப் பீரங்கிக்கும் நடுவில் நின்றவர்களில் நம் அம்மாக்களும் அக்காமார்களும் இருந்தார்கள். கலகத் தடுப்புப் போலீசுக்குப் பயப்படாத சமுதாயம் இது. ஆனால் அதே சமுதாயம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து "பெண்கள் கழிப்பறையில் பேட் போட ஒரு தொட்டி வையுங்கள்" என்று சொல்லக் கூசுகிறது. நான் போன கூட்டங்களில் விளையாட்டுப் போட்டிக்கு எந்த நிறச் சட்டை தைப்பது என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். பரிசளிப்பு விழாவுக்கு எந்த ஒய்.பி.யைக் கூப்பிடுவது என்று சண்டையே நடந்திருக்கிறது. கழிப்பறை பற்றிப் பேச்சு வந்தால் "சுத்தமாக வைக்க வேண்டும்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். மேடையில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் ஆண்கள். பின்வரிசையில் இருக்கும் தாய்மாரோ வாயைத் திறப்பதில்லை.

சரி, வீட்டுக்குள் என்ன நடக்கிறது? வயதுக்கு வந்த அன்று மட்டும் நாம் ஊருக்கே சொல்கிறோம்! அழைப்பிதழ் அடிக்கிறோம், மண்டபம் எடுக்கிறோம். தாய்மாமன் சீர், ஒன்பது தட்டு, பதினொரு தட்டு, புகைப்படக்காரர், விருந்து. கடன் வாங்கியாவது செய்கிறோம். எட்டாயிரம், பத்தாயிரம் வெள்ளி கடனை அடைக்க முடியாமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு. நான் சடங்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து வளரும் பிள்ளையின் உடம்பைத் தேற்றியது நம் பாட்டிமாரின் அறிவு. ஆனால் ஒருநாள் அவளை மேடையில் உட்கார வைத்து ஊரைக் கூட்டி அறிவித்த விஷயத்தை, அடுத்த மாதத்திலிருந்து அவள் தன் அப்பாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

ஊருக்குச் சொன்ன நாம் அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம்? "பையன்களோடு பேசாதே", "சாமி அறைக்குப் போகாதே", "தலையை விரித்துப் போடாதே". பேட்டை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொன்னோமா?

எனக்கும் சடங்கு செய்தார்கள். தோட்டத்து லயத்தில், பதினாறு நாள். அப்போது நான் ஆறாம் ஆண்டு, யூபிஎஸ்ஆர் எழுத வேண்டிய வருடம். பதினேழாம் நாள் பள்ளிக்குப் போனபோது விகிதப் பாடம் முடிந்து வேறு பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த விகிதக் கணக்கைப் பல வருடம் கழித்துத்தான் நானே புரிந்துகொண்டேன். என் அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான்.

அந்த ஒழுங்குக்கு ஒரு காலத்தில் காரணமும் இருந்தது. லயத்து வீட்டில் ஒரே அறை. பொதுக் கழிப்பறை வரிசைக் கடைசியில். குழாயும் பொது. இரத்தம் கசியும் நாட்களில் அதிகாலை இருட்டில் மரம் வெட்டப் போக வேண்டிய பெண்ணுக்கு "நீ ஒதுங்கி உட்கார்" என்ற சொல் ஒருவகையில் ஓய்வாகவும் இருந்திருக்கும். இன்று அந்தத் தோட்டங்கள் பல வீடமைப்பாகிவிட்டன. நாம் பதினேழு மாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்குள்ளேயே குளியலறை இருக்கிறது. இடம் மாறிவிட்டது, தீட்டு மட்டும் லாரியில் ஏறி நம்மோடு வந்துவிட்டது! துணியைத் துவைத்து வெயிலில் போட விடாமல், கட்டிலுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் காய வைக்கச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஈரம் காயாத துணிதான் பெண்ணுக்கு நோயைக் கொண்டு வரும். துணி பயன்படுத்துவதில் தவறே இல்லை. சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். வெயிலுக்கு என்ன வெட்கம்?

நம் குற்றத்தைச் சொல்லிவிட்டேன். இனி அரசாங்கத்தின் பக்கம் வருவோம். ஏனென்றால் நாம் வீட்டில் எவ்வளவு திருந்தினாலும் பள்ளிக் கழிப்பறைக் கதவுக்கு நாமே தாழ்ப்பாள் போட முடியாது.

நம் தமிழ்ப்பள்ளிகள் பிறந்த கதையை நினைத்துப் பாருங்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. முதலாளி கண்ணுக்கு அது பால் மரத்தைவிட்டுத் தொழிலாளி ஓடாமல் இருக்க ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இருப்பாள், அவளுக்கு ஒரு மறைவிடம் வேண்டும் என்று எவரும் யோசிக்கவில்லை. இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, அரசாங்க உதவி பெறும் பள்ளிகள்தாம். நிலம் தோட்டத்துக்கோ வேறு ஒருவருக்கோ சொந்தம். கழிப்பறையைக் கேட்டால் "நிலம் எங்களுடையதல்ல" என்று இலாகா சொல்லும். "பள்ளி அரசாங்கத்துடையது" என்று நிலக்காரர் சொல்வார். இருவருக்கும் நடுவில் நம் பெண் காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

2023ல் நாடு முழுவதும் பள்ளிக் கழிப்பறைகளைச் சீரமைக்கும் திட்டத்தை அரசு எடுத்துச் செய்தது. நல்லது, வரவேற்போம். ஆனால் போய்ப் பாருங்கள். புது ஓடு பதித்து, சாயம் அடித்து, ரிப்பன் வெட்டிப் படம் எடுத்த கழிப்பறையில் தாழ்ப்பாள் நிற்கிறதா? மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? அதை நாள்தோறும் யார் அகற்றுகிறார்? சோப்பு இருக்கிறதா? மதியம் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் வருகிறதா? பையனுக்குக் கழிப்பறை என்றால் இரண்டு நிமிட வேலை. பெண்ணுக்கு அப்படியல்ல. இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அந்த நாட்களில் அவளுக்கு அந்தக் கழிப்பறை பயன்படாது.

அடுத்தது காசு. குறைந்தபட்ச ஊதியம் 2025 முதல் 1,700 வெள்ளி. அதில் வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பள்ளிப் பேருந்துக் காசு, அரிசி, பால்மாவு. ஓர் அம்மா, இரண்டு பெண்கள் உள்ள வீட்டில் மாதம் மூன்று, நான்கு பாக்கெட் பேட் வேண்டும். பாக்கெட் எட்டு வெள்ளி என்று வைத்தாலும் முப்பது வெள்ளி போய்விடும். வசதி உள்ளவர்களுக்கு இது காப்பிக் காசு. நமக்கு அது இரண்டு நாள் சமையல். அதனால் என்ன நடக்கிறது? நான்கு மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டிய பேட்டை நாள் முழுக்க வைத்திருக்கிறாள். புண், அரிப்பு, வாடை, வெட்கம். பிறகு வீட்டிலேயே படுத்துவிடுகிறாள்.

இந்த நாட்டு அரசாங்கம் 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி கொண்டு வந்தபோது பெண்ணின் பேட்டுக்கும் 6 விழுக்காடு வரி போட்டது. ஏதோ விருப்பப்பட்டு வாங்கும் அலங்காரப் பொருள் போல! 2018 ஜூனில் ஜிஎஸ்டி சுழியம் ஆனபோதுதான் அது ஒழிந்தது. பின்னர் வந்த விற்பனை வரியில் விலக்குக் கொடுத்தார்கள். 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், பி40 குடும்பங்களைச் சேர்ந்த 130,000 பதின்ம வயதுப் பெண்களுக்கு மாதந்தோறும் சுகாதாரப் பொருட்கள் இலவசமாக வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டியாவது வந்ததா? உங்கள் பக்கத்து வீட்டுக்கு? யாருக்குக் கொடுத்தார்கள், எந்தப் பள்ளியில் கொடுத்தார்கள் என்று நம் கட்சித் தலைவர்களில் யாராவது கேட்டார்களா? தீபாவளிக்கு அரிசிப் பை கொடுத்துப் படம் பிடிக்க வரிசையில் நிற்பவர்களுக்குப் பேட் பாக்கெட்டைக் கையில் பிடித்துப் படம் எடுக்கக் கூச்சம் போலும்.

ஸ்காட்லாந்தில் 2021ல் சட்டமே இயற்றினார்கள். பள்ளிகளும் உள்ளூர் மன்றங்களும் தேவைப்படும் எவருக்கும் இலவசமாகக் கொடுக்கக் கடமைப்பட்டவை. 2022 ஆகஸ்டிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. வருமானச் சீட்டைக் காட்டு, பி40 அட்டையைக் காட்டு என்ற பேச்சே இல்லை. பள்ளிக் கழிப்பறையில் சோப்பு இருப்பதைப் போல அதுவும் இருக்கிறது. நாம் கேட்க வேண்டியது அதைத்தான். ஆண்டுக்கு ஒருமுறை யாரோ கொண்டு வந்து கொடுக்கும் அன்பளிப்புப் பை நமக்குத் தேவையில்லை.

"கேட்டால் தருவார்களா? நமக்கு என்ன உரிமை இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, பொதுப் பள்ளிகளில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் என்ற காரணங்களால் பாகுபாடு கூடாது என்கிறது. அதில் பெண் என்ற காரணம் இல்லை, உண்மைதான். ஆனால் 8(2)ஆம் பிரிவில் 2001ல் அந்தச் சொல் சேர்க்கப்பட்டது. சட்டத்திலும் பொது அதிகாரிகளின் கீழ் வரும் வேலை நியமனத்திலும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது. 2011ல் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் நூர்ஃபடில்லா என்ற பெண்ணின் வழக்கு இதை வைத்துத்தான் வென்றது. கர்ப்பமாக இருக்கிறார் என்று தெரிந்ததும் அவருக்குக் கொடுத்த தற்காலிக ஆசிரியர் வேலையைக் கல்வி அதிகாரிகள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அது பாகுபாடு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்ணுடம்பின் இயற்கையைக் காரணம் காட்டி அவளைப் பள்ளி வாசலில் நிறுத்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம். மலேசியா 1995ல் ஏற்றுக்கொண்ட பெண்கள் மீதான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையும், மாணவியர் படிப்பை இடையில் விடுவதைக் குறைக்க வேண்டும் என்று 10ஆம் பிரிவில் சொல்கிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். கழிப்பறைத் தாழ்ப்பாளுக்காக நீதிமன்றம் போனால் வெற்றி நிச்சயம் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கும் வக்கீலை நம்பாதீர்கள். 8(2) தோட்ட முதலாளியைக் கட்டாது, அரசாங்கத்தைத்தான் கட்டும். ஆனால் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு, தலைமையாசிரியர் அரசு ஊழியர். ஆகவே "நிலம் எங்களுடையதல்ல" என்ற சாக்கு, கதவுக்குத் தாழ்ப்பாளும் மூலையில் ஒரு தொட்டியும் வைக்கத் தடையாகாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2003 முதல் தொடக்கப்பள்ளிக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இடைநிலைப்பள்ளிக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மிகவும் சரி. ஆனால் பிள்ளையை அனுப்பாவிட்டால் சிறை என்று எங்களை மிரட்டும் அரசு, அனுப்பிய பிள்ளைக்குத் தாழ்ப்பாள் உள்ள கதவைக் கொடுக்க வேண்டாமா?

பள்ளிக்குள் நடக்கும் அவமானமும் சிறிதல்ல. 2021ல் மாணவியரும் முன்னாள் மாணவியரும் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார்கள். மாதவிடாய் என்று சொன்னால் நம்பாமல் ஆதாரம் காட்டச் சொல்லிச் சோதித்த கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அது நோன்பையும் தொழுகையையும் ஒட்டி மலாய்ப் பிள்ளைகளுக்கு நடந்தது, நமக்கென்ன என்று நம்மவர் பலர் சும்மா இருந்துவிட்டார்கள். தவறு செய்தோம். ஒரு பெண்ணின் உடம்பைச் சோதிக்கலாம் என்று ஒரு பள்ளி நினைக்க ஆரம்பித்தால், அடுத்து உடற்கல்வி வகுப்பில் விலக்குக் கேட்கும் நம் பெண்ணிடமும் அதே கேள்வி வரும். அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் குரல் கொடுத்திருக்க வேண்டும்.

இனி வீட்டில் அவளுக்குச் சொல்லுங்கள், அப்பாவும் கூட இருக்கட்டும். இது அழுக்கல்ல, நோயல்ல. ஒன்பது, பத்து வயதிலேயே வரலாம், பதினைந்திலும் வரலாம். ஆகவே வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். முதன்முதலில் இரத்தத்தைப் பார்த்துச் சாகப் போகிறோம் என்று பயந்த பெண்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ, எழுந்தால் தலை சுற்றி முகம் வெளுத்தாலோ அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். கட்டணம் ஒரு வெள்ளி. இரத்தச் சோகையோடு வகுப்பில் தூங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடிக்கிறோம். பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு வலி என்றால் அதற்கும் மருந்து உண்டு. "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்பது மருத்துவம் அல்ல. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய பேச்சும் அல்ல. ஆண்பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பையைக் கிளறிப் பேட்டை வெளியே இழுத்தவன் யார் வீட்டுப் பிள்ளை? நம் வீட்டுப் பிள்ளைதான்.

அந்தத் தாயின் வழக்குக்கு வருகிறேன். நீதிமன்றம் போகவில்லை. ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினோம். எத்தனை கதவு, எத்தனை தாழ்ப்பாள், தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது, எச்சரிக்கைக் கடிதத்தின் தேதிகள் எதைக் காட்டுகின்றன என்று மட்டும் எழுதினோம். மகளின் பெயரைப் போடவில்லை. இன்னும் நான்கு தாய்மார்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு தந்தையும் போட்டார், அவருக்கு என் வணக்கம். நகலை மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்பினோம். ஒரு மாதத்துக்குள் தாழ்ப்பாள் வந்தது, மூடியுள்ள தொட்டியும் வந்தது. தண்ணீர்த் தொட்டி இன்னும் வரவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஹார்ட்வேர் கடையில் ஒரு தாழ்ப்பாள் என்ன விலை தெரியுமா? பத்து வெள்ளிகூட இல்லை!

நீங்களும் எழுதுங்கள். அதற்கு முன் மகளிடம் கேளுங்கள். அவள் சொன்னால்தான் எந்தக் கதவு என்று தெரியும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும், குறிப்பில் ஏறினால் அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் தமிழிலேயே எழுதி எங்களிடம் கொண்டு வாருங்கள், மலாயில் மொழிபெயர்த்துத் தருகிறோம், கட்டணம் இல்லை. கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கிப் பிறப்புப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள்.